மூன்று மணிச் சங்கு

கொசுப்புழு எண்ணுவதுதான் என் வேலை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளையின் அம்மா, "ஆபீஸ்ல இன்னா வேலம்மா?" என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். வாய்க்குக் கொண்டுபோன கேசரியை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று. என் அம்மாவுக்குத்தான் ஒரு வாரம் முகம் சரியில்லை. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, கேசரி மிச்சமானது.

நெல்லித்தோப்பில் ஒரு பழைய வாடகை வீடுதான் எங்கள் ஆராய்ச்சிக்கூடம். முன்னறையில் மேசைகள். பின்பக்கம் தகரக் கொட்டகை. அதில் வரிசையாக எனாமல் தட்டுகள், தட்டுகளில் தண்ணீர், தண்ணீரில் புழுக்கள். எந்த மருந்துக்கு எத்தனை சாகிறது, எந்த வெயிலில் எத்தனை பிழைக்கிறது என்று நாங்கள் பார்த்துக் குறிக்க வேண்டும். புதுச்சேரிச் சாக்கடையும் கொசுவும் ஊர் அறிந்தவை. எங்கள் தெருவிலேயே யானைக்கால் வந்தவர்கள் இருந்தார்கள். அதனால் இந்த வேலையைக் கேவலம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் சேர்ந்தபோது, எண்ணியதை எல்லாம் தாளில் எழுதிக் கட்டி மதராஸ் பஸ்ஸில் போட்டுவிடுவோம். அங்கே யாரோ கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதி அனுப்புவார்கள். பதில் வந்து சேரும்போது எங்கள் புழுக்கள் கொசுவாகிப் பறந்து, நாலு பேரைக் கடித்துவிட்டு, பேரன் பேத்தி எடுத்திருக்கும்.

எண்பதுகளின் நடுவில்தான் எங்களுக்கே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே ஒரு புது ஏற்பாடும் வந்தது. கொசுப்புழுவைக் கொல்லும் ஒரு கிருமியைப் பெங்களூரில் வளர்ப்பார்கள். அதைத் தட்டில் போட்டுச் சோதிப்பது நாங்கள். நிஜச் சாக்கடையில் போட்டுப் பார்ப்பது மதராஸ்காரர்கள். கணக்கையும் அதே மாதிரி மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். எங்கள் பங்கை எங்கள் கம்ப்யூட்டர் போட்டு டெலிபோன் வழியாகப் பெங்களூருக்கு அனுப்பும். மதராஸும் அப்படியே. பெங்களூரில் இருந்த பெரிய கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்த்து முடித்து, நாளைக்கு எந்தத் தட்டில் எவ்வளவு மருந்து என்று அன்றைக்கே சொல்லிவிடும். மூன்று ஓரகத்திகள் ஆளுக்கொரு வீட்டில் அரைத்தும் நறுக்கியும் கொடுத்து ஒரே அடுப்பில் குழம்பு கொதிக்கிற மாதிரி என்று அம்மாவுக்கு விளக்கினேன். "மூணு ஓரகத்தி சேந்தா குழம்பு உருப்படுமா?" என்று கேட்டாள் அம்மா.

டெலிபோன் வழியாகக் கணக்குப் போகிற விதம்தான் வேடிக்கை. மோடம் என்று ஒரு பெட்டி. அதன் தலையில் இரண்டு ரப்பர் கிண்ணங்கள். பெங்களூருக்கு லைன் கிடைத்ததும் ரிசீவரை அந்தக் கிண்ணங்களில் கவிழ்த்து அழுத்த வேண்டும். பெட்டி டெலிபோனுக்குள் கீச்சுக் கீச்சென்று கத்தும். அந்தக் கத்தல்தான் எண்கள். நடுவில் வெளிச் சத்தம் ஏதாவது ரிசீவருக்குள் புகுந்தால் எண்கள் கெட்டுப்போகும்.

அதனால் பிற்பகலில் அந்த ஒரு மணி நேரம் எங்கள் அறையில் சாவு வீட்டைவிட அமைதி. ஜன்னல் எல்லாம் சாத்திவிடுவோம். ஃபேனை நிறுத்திவிடுவோம். ரிசீவர்மேல் ஒரு பூத்துண்டைச் சுற்றிவைப்பேன். இருமல் வந்தால் வெளியே ஓட வேண்டும். எங்கள் பெரியவருக்கு மூக்குப்பொடிப் பழக்கம். அவர்தான் கூடத்தின் தலைவர். பிரான்சில் படித்துவிட்டு வந்தவர். டெலிபோனை எடுத்தால் இன்னும் "அலோ" என்றுதான் சொல்வார். அவ்வளவு பெரிய மனிதர் தும்மல் வரும்போதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவதைப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை.

இவ்வளவு செய்தும் தினம் கணக்கு கெட்டது. பாதி வரைக்கும் ஒழுங்காகப் போகும். அப்புறம் திடீரென்று எண்களுக்குப் பதில் அடைப்புக்குறியும் அலைக்கோடும் நட்சத்திரமுமாகத் திரை நிறைந்துவிடும். பெங்களூரிலிருந்து "மறுபடி அனுப்பு" என்று வரும். மறுபடி அனுப்புவதற்குள் எங்கள் நேரம் முடிந்துவிடும். அந்தப் பெரிய கம்ப்யூட்டரில் எங்களுக்கு ஒதுக்கியது பகல் இரண்டரையிலிருந்து மூன்றரை வரைதான். அதற்குப் பிறகு மதராஸ் முறை. மறுநாள் என் தட்டுகளில் எவ்வளவு மருந்து போடுவது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன்.

எக்ஸ்சேஞ்சைத் திட்டினோம். கம்பியில் உட்காரும் காக்காயைத் திட்டினோம். ரப்பர் கிண்ணத்தை மாற்றினோம். பெரியவர் மேசையையே தூக்கி அடுத்த அறையில் போட வைத்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

கண்டுபிடித்தது பெங்களூர்க்காரி. அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் உட்காருகிறவள் அவள். கன்னடக்காரி. தமிழ் சுமாராக வரும். என் வயதுதான் இருக்கும் என்று குரலை வைத்து நினைத்துக்கொண்டேன். முகம் பார்த்ததில்லை. ஒருநாள் மோடம் தகராறு செய்ததால் எண்களை வாயாலேயே படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் கத்தினாள்.

"அய்யோ, என்ன அது?"

"எது?"

"அந்தச் சத்தம்! யாருக்கு என்ன ஆச்சு அங்க?"

"எந்தச் சத்தம்? இங்க ஒரு சத்தமும் இல்லையே."

"காது கிழியுது எனக்கு! உனக்குக் கேக்கலையா?"

நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம்தான் எங்கள் இருவருக்கும் காது திறந்தது. மில் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. மூன்று மணிச் சங்கு. இரண்டு தெரு தள்ளித்தான் மில். சாத்திய ஜன்னல் கண்ணாடி அதிர அதிர ஊதுகிறது. பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு அது எங்களுக்குச் சத்தமாகவே இல்லாமல் போயிருந்தது. சங்கு ஊதினால் மணி மூன்று, டீ வரும், அவ்வளவுதான். தும்மலுக்குப் பயந்து வாசலுக்கு ஓடிய கூட்டம் நாங்கள்.

"யாரு ஊதுறாங்க அப்படி?" என்றாள் பெங்களூர்க்காரி.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்கப்பா," என்றேன்.

நிஜமாகவே அப்பாதான். மில்லில் பாய்லருக்கு நெருப்புப் போடுகிற வேலை அவருக்கு. எப்போதும் பகல் ஷிஃப்ட். பாய்லர் பக்கத்தில் தொங்கும் சங்கிலியைப் பிடித்து இழுத்தால் நீராவி சங்குக்குள் ஏறும். அதுவும் அவர் பொறுப்பு. சாரம் என்ற பகுதியில் இருந்த எங்கள் வீடுவரை கேட்கும். மற்றவர்கள் ஊதினால் சட்டென்று நின்றுவிடும். அப்பா ஊதினால் கடைசியில் ஒரு இறக்கம் இருக்கும். சங்கிலியைப் பட்டென்று விடாமல் மெள்ள மெள்ள விடுவார். அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "இன்னைக்கி வேற ஆளு, உங்கப்பா பதிலாளுகிட்ட விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு" என்று சொல்லிவிடுவாள்.

அன்று சாயங்காலம், முந்தின நாள் கெட்டுப்போன கணக்கை அச்சடித்த தாளை வீட்டுக்கு எடுத்துப்போனேன். அப்பா அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என் சங்கு எங்க கீது?"

நட்சத்திரமும் அலைக்கோடுமாக இருந்த இடத்தைக் காட்டினேன். அதன்மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவினார்.

"இம்மாஞ் சத்தத்துக்கு இத்தினியூண்டு எழுத்தா?" என்றார். அப்புறம் கொஞ்சம் கவலையாக, "உன் வேலைய நான் கெடுக்குறேனா பாப்பா?" என்று கேட்டார்.

"ஆமாம்பா. ஒரு ரெண்டு நிமிஷம் கழிச்சி ஊதேன்."

"அது செரி! ஆயிரம் பேரு வூட்டுக்குப் போவ நிக்கிறான். உன் கொசுவுக்காவ நிறுத்தி வைக்கச் சொல்றியா?"

ஆனால் அடுத்த நாள் மில் முழுக்கச் சொல்லிவிட்டார். என் சங்கு பெங்களூர் வரைக்கும் கேக்குதாம். அங்க ஒரு பொண்ணு காதைப் பொத்திக்கிச்சாம். சொல்லச் சொல்ல அவருக்கு அலுக்கவில்லை.

பெங்களூர்க்காரி ஒரு வழி செய்தாள். கணக்கு கிளம்பி அரை மணி ஆவதற்குச் சற்று முன்பே, அதாவது எங்களுக்கு மூன்று மணி அடிப்பதற்குள், தானாக நின்றுவிடும்படி புரோகிராமை மாற்றி எழுதினாள். நின்றதும் இரண்டு ஊர்த் திரையிலும் 'சங்கு' என்று ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை வரும். சங்கு ஊதி முடிந்ததும் நான் கீபோர்டில் ஒரு சாவியைத் தட்டுவேன். விட்ட இடத்திலிருந்து கணக்கு கிளம்பும். அன்றிலிருந்து ஒரு எண் கெடவில்லை. மதராஸ்காரர்களும் அதே புரோகிராமை வாங்கிக்கொண்டதால் அவர்கள் முறையிலும் பாதியில் சங்கு வரும். அங்கே மில்லும் இல்லை, ஒன்றும் இல்லை. புதிதாக வந்த என்ஜினியர் ஒருவர் அதை ஏதோ பெரிய கம்ப்யூட்டர் சொல் என்று நினைத்து, எதன் சுருக்கம் என்று கேட்டாராம். எங்கப்பாவின் சுருக்கம் என்று சொல்லி அனுப்பினேன்.

சங்குக்காகக் காத்திருக்கிற அந்தச் சில நிமிடங்களில் நானும் பெங்களூர்க்காரியும் திரையில் எழுதிப் பேசிக்கொள்வோம். என்ன சாப்பிட்டாய், அங்கே மழையா, உன் மாமியார் ஊருக்குப் போய்விட்டாளா, இப்படி. சங்கு வருகிறதென்றால் நான் 'அப்பா வருகிறார்' என்று எழுதிவிட்டுக் கையை எடுப்பேன்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. பிறகு ஒருநாள் மில் கதவைப் பூட்டிவிட்டார்கள்.

தொழிலாளிகள் ஒன்று கேட்டார்கள், நிர்வாகம் ஒன்று சொன்னது, பேச்சு முறிந்தது. அதன் முழுக்கதை எனக்கு அன்றும் சரியாகப் புரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அப்பாவுக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. கதவு திறந்தாலும் வயதானவர்களைத் திரும்ப எடுக்கமாட்டார்கள் என்று பேச்சு. இன்னொரு பேச்சும் அடிபட்டது. வாசலில் கம்பம் நட்டு எலெக்ட்ரிக் சங்கு வைக்கப்போகிறார்களாம். வாட்ச்மேன் ஒரு பொத்தானை அமுக்கினால் போதுமாம். அப்பா தன் கையால் இன்னொரு முறை அந்தச் சங்கிலியைப் பிடிப்பாரா என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வியாக இருந்தது.

வீட்டில் வேறு குறை ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. என் சம்பளம் இருந்தது. அப்பாதான் குறைந்துகொண்டே வந்தார். காலையில் வழக்கம்போல் எழுந்து குளித்துக் காக்கிச் சட்டை போட்டுக்கொள்வார். மில் வாசல்வரை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வருவார். மூன்று மணி நெருங்கினால் படுத்திருந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவதாக அம்மா சொன்னாள். வலதுகையை மடக்கி மடக்கி விரிப்பாராம். பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் படுப்பாராம். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா கேட்டார்: "பெங்களூர்ல இப்ப நிம்மதியா இருப்பாங்க, இல்ல?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

ஆராய்ச்சிக்கூடத்தில் மட்டும் சங்கு நிற்கவில்லை. தினம் மூன்று மணிக்கு முன்னால் கணக்கு தானாக நிற்கும். திரையில் அந்த வார்த்தை வரும். வெளியே ஒன்றும் வராது. நான் உட்கார்ந்திருப்பேன். அப்போதுதான் தெரிந்தது, அந்தத் தெருவில் எத்தனை சைக்கிள் மணி, எத்தனை குருவி என்று. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாவியைத் தட்டுவேன்.

பெரியவர் ஒருநாள் பின்னால் வந்து நின்றார். "இப்பதான் சத்தமே இல்லையேம்மா. அந்த நிறுத்தத்த எடுத்துடச் சொல்லலாமே, நேரம் மிச்சம்," என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "எடுங்க சார். உங்க வூட்லயா சங்கு நின்னு போச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

வேறொரு அதிகாரியாக இருந்தால் என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பார்தோன்," என்று பிரெஞ்சில் மெதுவாக மன்னிப்புக் கேட்டார். அப்புறம் தமிழிலும் சொல்ல வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, "தப்பா எடுத்துக்காதம்மா," என்றார். அதற்குப்பின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

பெங்களூர்க்காரியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே எழுதினாள்: 'நான் எடுக்கமாட்டேன். அப்பா வரும்வரை அது நிற்கட்டும்.' முகம் தெரியாத அவளை அன்று என் கூடப் பிறந்தவளாகவே நினைத்தேன்.

ஆனால் மழைக்காலம் நெருங்கியது. கொசு பெருகுவதற்குள் மூன்று ஊர்க் கணக்கும் சேர்ந்து முடிந்தாக வேண்டும். முடிந்தால்தான் அந்த வருஷமே சாக்கடைகளில் மருந்து போட முடியும். அனுப்ப வேண்டிய கணக்கு இரண்டு மடங்கானது. மதராஸிலிருந்து நேரம் போதவில்லை என்று தினம் முறையிட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். ஊதாத சங்குக்காக மூன்று ஊரும் காத்துக்கொண்டிருந்தது. கடைசியில் நானே எழுதினேன்: 'சங்கை எடுத்துவிடு.' 'நிச்சயமாகவா?' என்று வந்தது. 'ஆமாம்' என்று தட்டினேன். மறுநாள் மூன்று மணிக்குக் கணக்கு நிற்காமல் ஓடியது. வீட்டில் இதை நான் சொல்லவில்லை. அப்பாவின் பெயரை ரேஷன் கார்டிலிருந்து அடித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

மழை தொடங்கிய பிறகு பேச்சுவார்த்தை முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. பாய்லரைத் துடைத்துச் சோதிக்க ஆள் வேண்டும் என்று அப்பாவைக் கூப்பிட்டார்கள். நாங்கள் சாமிக்குக் கற்பூரம் ஏற்றினோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "தொடைக்கத்தான் கூப்டுக்கிறான். வச்சிக்குவான்னு சொல்லல," என்றார். வாசலில் எலெக்ட்ரிக் சங்குக்குக் கம்பம் நட்டாகிவிட்டதையும் அவரே சொன்னார். கரி படிந்த சட்டையோடு போனார், வந்தார். எப்போது மில் ஓடும், யார் இருப்பார்கள், யார் போவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

கடைசித் தவணைக் கணக்கை அனுப்பிக்கொண்டிருந்தேன். வெளியே தூறல். ஜன்னல் சாத்தியிருந்தது, ஃபேன் நின்றிருந்தது, பெரியவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்கள் வரிசை வரிசையாக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. திடீரென்று ஒரு வரி கோணியது. அடுத்த வரியில் நட்சத்திரம். அடுத்த வரி முழுக்க அலைக்கோடு, அடைப்புக்குறி, நட்சத்திரம்.

லைன் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். என் காது இந்த முறையும் என்னை ஏமாற்றியது. கண் பார்த்த பிறகுதான் காது கேட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது.

பெரியவர் எழுந்தார். கணக்கு போய்க்கொண்டிருக்கும்போது ஜன்னல் பக்கம் போகக் கூடாது என்று எங்களுக்கு விதி போட்டதே அவர்தான். நேராகப் போய்த் தாழ்ப்பாளை நீக்கி இரண்டு கதவையும் விரியத் திறந்தார். சத்தம் அப்படியே உள்ளே வந்து அறையை நிறைத்தது. ஈரக் காற்றும் கூடவே வந்தது. இது எலெக்ட்ரிக் சங்காகவும் இருக்கலாம், வேறு யாராவது ஊதுவதாகவும் இருக்கலாம். முடிகிற இடத்துக்காகக் காத்திருந்தேன். வழக்கத்தைவிட நீண்ட நேரம் ஊதியது. பிறகு பட்டென்று நிற்காமல், மெள்ள மெள்ள இறங்கி, மனசே இல்லாமல் நின்றது.

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பெரியவர் என் பக்கம் திரும்பாமல் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். "கணக்கு போனாப் போவுதும்மா. நாளைக்கு மறுபடி போட்டுக்கலாம்," என்றார்.

திரை குப்பையாகக் கிடந்தது. அதற்கு அடியில் பெங்களூரிலிருந்து ஒரு வரி வந்தது: 'லைன் சரியில்லையா?' நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியில் கை வைப்பதற்குள் இன்னொரு வரி வந்தது. அதில் ஒரே ஒரு வார்த்தை.

'சங்கா?'

'சங்கு. அப்பா,' என்று தட்டினேன். அந்தப் பக்கமிருந்து திரை நிறைய நட்சத்திரமாக வந்தது. இந்த முறை அது லைன் கோளாறு இல்லை, அவளே ஒவ்வொன்றாகத் தட்டியது.

நான் வீட்டுக்குப் போனபோது அப்பா எனக்கு முன்பே வந்திருந்தார். கை கால் கழுவாமல், கரிச்சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். சைக்கிளை நிறுத்தக்கூட விடவில்லை.

"இன்னா பாப்பா, கணக்கு கெட்டுப் பூடுச்சா?"

"சுத்தமா கெட்டுப் பூடுச்சுப்பா," என்றேன்.